விருப்ப ஒழுங்கு

மருத்துவம் என்பது தீர்ந்த விஷயம்.
மாவட்டத்தில் ஒன்பதாவது என்று
ஆஸ்பத்திரி வாசல் ஓட்டோத் தரிப்பிடத்தில் அப்பா
ஆறு பேருக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தாயிற்று.
எங்கே என்பதுதான் மிச்சம்.

விருப்ப ஒழுங்கில் நிரப்புக என்கிறது படிவம்.
கொப்பித்தாளில் பென்சிலால் எழுதி
அழித்து, திரும்ப எழுதி,
முதலாம் இலக்கத்துக்குப் பக்கத்தில்
தாள் வெங்காயத்தோல் ஆகிவிட்டது.

கொழும்பு என்கிறார் சித்தப்பா, ஸ்காபரோவிலிருந்து.
அவர் கடைசியாகக் கொழும்பைக் கண்டது
விமானம் ஏறிய அன்று.
பேராதனை என்கிறார் கெமிஸ்ற்றி சேர் மயூரகிரி.
பீடத்தைப் பற்றிக் கேட்டால்
அங்குள்ள மரங்களைப் பற்றிச் சொல்கிறார்.
யாழ்ப்பாணம், அம்மா.
சாப்பாடு ஒத்துக்கொள்ளும்,
சாமத்தில் பஸ்ஸால் இறங்கினாலும்
வாய் இருக்கிறது, கேட்டுக் கேட்டுப் போகலாம்.
அப்பா ஊர்களைச் சொல்லவில்லை, தூரத்தைச் சொன்னார்,
பெற்றோல் விலையோடு சேர்த்து.
மட்டக்களப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.
கிட்ட இருப்பது ஏன்
மதிப்புக் குறைந்ததாய்ப் போனது என்று
நானும் கேட்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து றிஸ்மியா எடுத்தாள்.
போன வருச வெட்டுப்புள்ளி
அவளுக்கு ஒரு விரற்கடை உயரம்.
"நான் சித்த மருத்துவம் போடுறன்.
கோணேசபுரிக்கு வீட்டிலயிருந்தே போய்வரலாம்.
நீ வெட்டு, நான் கசாயம் குடுக்கிறன்."
சிரித்தாள்.
பிறகு கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில்
பாலத்தால் போகிற லொறிகளின் சத்தம் மட்டும்.
இரண்டு வருசம் ஒரே கொப்பியைத்தான்
மாறி மாறிப் பார்த்தெழுதினோம்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம்
அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன்.
வெளிநோயாளர் பிரிவு வாங்கில்
கோமரங்கடவலப் பெண்ணொருத்தி, மடியில் காய்ச்சல் பிள்ளை.
பக்கத்தில் இலக்கந்தைக் கடற்றொழிலாளி ஒருவர்,
சாரத்தில் இன்னும் செதில்.
அப்பாவின் ஓட்டோவில் வந்தவர்.
மாத்தறையிலிருந்து புதிதாய் வந்த டொக்டர்
"கொஹெத ரிதென்னே?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.
நல்ல மனுசன்.
அவர் என்னைப் பார்த்தார்.
"உளையுது எண்டு சொல்லு பிள்ளை."

உளைவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியாது.
குத்து இல்லை, எரிவு இல்லை, கடுப்பும் இல்லை,
எலும்புக்குள் யாரோ இரவிரவாய்
நடந்து திரிவதைப் போல என்று சொல்ல
என்னிடம் சொல் எங்கே?
"ரிதெனவா" என்றேன். நோகிறதாம்.
டொக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதினார்.
இரண்டு தரம் கைமாறியதில்
உளைவு எந்த இடத்தில் விழுந்ததோ.

உடற்கூற்றை எங்கே போனாலும்
ஆங்கிலத்தில்தான் படிப்பிப்பார்களாம்.
இருநூற்றாறு எலும்புக்கும் பெயர் கிடைத்துவிடும்.

நாலு மணிக்கு அவரைக் கண்டிக்கு மாற்றினார்கள்.
அம்புலன்ஸ் கந்தளாய் வீதியில் திரும்பியதுவரை
அப்பாவுக்குத் தெரியும்.
அதற்கப்பால் எங்கள் ஆட்களின் செய்தி
வருவதும் உண்டு, வராததும் உண்டு.
அவருடைய செருப்பு ஒரு கிழமை
பின்சீற்றுக்குக் கீழே கிடந்தது.

அநுராதபுரச் சந்தி நெற் கடையில்
தட்டச்சுப் பொடியன் கேட்டான்: முதலாவது?
பேராதனை என்றேன்.
அந்த அம்புலன்ஸின் கதவு திறக்கிற பக்கத்தில்
நிற்க வேண்டும் போலிருந்தது.
வேறு பெரிய காரணம் இல்லை.
இரண்டாவது யாழ்ப்பாணம், அம்மாவுக்காக.
மூன்றாவது மட்டக்களப்பு என்றபோது
அவன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.

வெளியே வந்தால்
சைக்கிள் கூடையிலிருந்த கொப்பித்தாளை
ஒரு புள்ளிமான் இழுத்து மென்றுகொண்டிருக்கிறது,
வாழைப்பழத்தோலுக்குக் காட்டும் அதே கவனத்தோடு.
கொழும்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
"மரங்களுக்காகத்தானே?"
ஓம் சேர், என்றேன்.
மான் அடுத்த சைக்கிளுக்குப் போனது.