வேண்டாத வட்டி

பெரியபட்டினத்துத் தோப்பு விற்ற பணம்
கீழக்கரைக் கிளையில் என் பெயரில் படுத்திருக்கிறது.
கேட்காமலே குட்டி போடுகிறது.
வட்டி எங்களுக்கு ஆகாது.
சேர்ந்ததை வழித்தெடுத்து
நன்மை எதிர்பாராமல் கொடுத்துவிடுவோம்.
போன வருடம் ஜெட்டிப் பக்கத்துக் கழிப்பறைக்கு
இரண்டு கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டி.
இரண்டு கதவும் ஆண்கள் பக்கம் போய்விட்டன.

டெல்லிக்கு அது என் வருமானம்.
லண்டனுக்கும் அது என் வருமானம்.
நான் ஒருத்திதான்
என்னுடையது இல்லை என்கிறேன்.

ராமநாதபுரம் அரண்மனை வாசலில்
ஆடிட்டர் பூவலிங்கத்தின் மாடியறை.
தாள் பறக்கும் என்று
ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கிறார்.
"ரெண்டு குடியுரிமையாம்மா?"
இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை.
ஊரில்தான் அதற்கு அப்படிப் பெயர்.
ஓட்டுப் போட ஒரு நாடு,
பாம்பன் ரயிலில் வாய் திறந்து தூங்க ஒரு நாடு.
வரி கட்டும்போது மட்டும்
முழுசாய் இரண்டு.

கால்குலேட்டரைத் தொடாமல் சொன்னார்:
பேங்க் பிடித்தது நூற்றுக்கு முப்பத்தொன்று சொச்சம்.
ஒப்பந்தப்படி பதினைந்தைத் தாண்டக் கூடாது.
லண்டன்காரன் அந்தப் பதினைந்தைத்தான் கழித்துக்கொள்வான்.
மிச்சத்தைக் கேட்டால்
எடுத்தவனிடம் கேள் என்பான்.
எடுத்தவனிடம் கேட்பதற்கு,
நான் லீசெஸ்டரில் குடியிருப்பதாக
அந்த ஊர் வரித்துறை கையெழுத்திட்ட தாள் வேண்டும்.
பத்து எஃப் படிவம் வேண்டும்.
இரண்டும் வட்டி விழும் முன்பே
பேங்குக்குப் போயிருந்தால்
இந்த மாடியே ஏறியிருக்க வேண்டாம்.
"போகலையே" என்றேன்.
"போகலை" என்றார்.

இன்னொரு சிக்கல்.
இங்கே வருடம் மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது,
அங்கே ஏப்ரல் ஐந்தில்.
நடுவே ஐந்து நாள்
ஒரு கரைக்குப் புதுசு, ஒரு கரைக்குப் பழசு.
அதில் விழுந்த காசைப்
பென்சிலால் தனியே கட்டம் போட்டார்,
கரைவலையில் வந்த சொறிமீனை
விரல் படாமல் ஒதுக்குகிற மாதிரி.

கிழக்குத் தெருவில்
ருகையா லாத்தா ஓட்டுமாவைத் தட்டில் தள்ளினாள்.
"எப்படியும் கொடுத்துத் தொலைக்கிற காசு.
அவனுக்குப் போனால் என்ன, இவனுக்குப் போனால் என்ன?
இதுக்காகவா லீவைத் தின்கிறாய்?"
பதில் வரவில்லை எனக்கு.
சாயங்காலம் ஜெட்டிக்குப் போனேன்.
பாசி எடுத்துத் திரும்பிய பெண்கள்,
இடுப்பு வரை ஈரம்,
ஒருத்தி உள்ளே போக
இன்னொருத்தி சேலையை விரித்து மறைத்து நின்றாள்,
கடலுக்கு முதுகு காட்டி.
பதினாறு சதவீதம் என்றால்
எத்தனை கதவு என்று
அங்கேயே நின்று கணக்குப் போட்டேன்.

அடுத்த ஆனியில் வந்தபோது கச்சான் வீசியது.
பல்லுக்குள் மணல்.
வெல்டர் இபுராம்சா மூன்றாம் கதவை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.
போனில் பூவலிங்கம்:
"ரீஃபண்ட் ஏறிடுச்சும்மா.
தாமதத்துக்கு அரசாங்கமே
வட்டி போட்டுக் கொடுத்திருக்கு."
வட்டிக்குப் பிடித்த வரி,
வரியைத் திருப்பியதற்கு வட்டி.
நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.
"அதுவும் வருமானம்தான்.
ரெண்டு பக்கமும் காட்டணும்."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்றான் இபுராம்சா.
போனைக் காதிலிருந்து எடுக்காமல்
"ரெண்டு பக்கமும்" என்றேன்.
அவன் நூற்றிருபது ரூபாய் கூட்டினான்.