பத்தொன்பது

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்று.
அதில் நான் வந்தால் லாரி நிற்கும்,
அவசரக்காரனின் டாக்சி நிற்கும்.
மணியை ஒருமுறை தட்டினால் போதும்.

வீட்டில் என் பெயரில் ஓடுவது ஒரு நிரல்.
ஏதோ ஒரு தொலைநோக்கி
என்றோ அள்ளிவைத்த வானத்து இரைச்சலைத்
துண்டு போட்டு
ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.
கணினி சும்மா இருக்கும் நேரத்தில்
உள்ளே துடிக்கும் விண்மீன் உண்டா என்று
சலித்துப் பார்க்க வேண்டும்.
கூலி கிடையாது. புள்ளிகள் உண்டு.
புள்ளிக்கு ரொட்டி தர மாட்டார்கள் என்று
அவுஸ்மா இரண்டுமுறை சொல்லிவிட்டாள்.

கணினி அவளுடையது.
வானொலிக்காகக் குரல்களை வெட்டி ஒட்டுகிறாள்.
அந்த வாரம், மீன் டப்பா ஆலையில்
முப்பத்தொரு வருடம் நின்ற ஒருத்தியின் பேட்டி.
"ஆலை மூடிய அன்று என்ன செய்தீர்கள்?"
அதன்பின் ஆறு விநாடி ஒன்றுமில்லை.
பிறகு: "ஏப்ரனைத் துவைத்தேன்."

அந்த ஒன்றுமில்லாததற்குள்
டிக் என்று ஒரு சத்தம்.
பேச்சின் நடுவே விழுந்திருந்தால் தப்பியிருக்கும்.
பதிவில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா?
என்னை நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டாள். சத்தம் இல்லை.
ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னாள்:
"உன் நட்சத்திரம் இருமுகிறது."

முன்னுரிமைக்கு ஓர் எண் உண்டு.
எண் ஏற ஏற இடம் இறங்கும்.
பூஜ்யம் என்றால் எல்லாரோடும் முதல் பந்தி.
பத்தொன்பது என்றால்
இலை எடுக்க ஆள் வரும்போது உட்காருகிறவன்.
ஐந்து வைத்தேன், இருமியது.
பன்னிரண்டு வைத்தேன், எப்போதாவது.
பத்தொன்பதில் அடங்கியது.
"விசிறி?" என்றாள்.
எட்டுக் கருவில் நான்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

புதன் மாலை துண்டில் பாதிகூட முடியவில்லை.
வியாழன் காலை ஆறுக்குக் கெடு;
தாண்டினால் அதையே வேறு யாருக்கோ அனுப்பிவிடுவார்கள்,
நான் சலித்தது உமியாகிப் போகும்.
பூஜ்யம் என்று அடித்தேன்.
அனுமதி இல்லை.
சரி, பதினெட்டு.
அனுமதி இல்லை.

இறங்கும்போது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஒவ்வொரு படியும் என் இஷ்டம்.
ஏற மட்டும்,
அதுவும் ஒரே ஒரு படி,
உடையவளின் கடவுச்சொல் வேண்டுமாம்.

சமையலறையிலிருந்து கேட்டேன்.
அவள் அந்த ஆறு விநாடியில்தான் இருந்தாள்.
நிலையத்தில் இரண்டாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.
"இன்றைக்கு என்னை எதுவும் கேட்காதே, டைனிஸ்."
சூப்பைச் சூடாக்கினேன், ஆறவிட்டேன், மறுபடி சூடாக்கினேன்.

பத்தரைக்கு நாற்காலி நகர்ந்தது.
போய்ப் பார்த்தேன்.
ஒலிக்கோப்பை மூடியிருந்தாள், கடிதப்பெட்டியை மூடியிருந்தாள்,
எப்போதும் மூலையில் திறந்திருக்கும்
வானிலை வரைபடத்தைக்கூட மூடியிருந்தாள்.
பெட்டியை அணைக்கவில்லை.
படுக்கையறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

நான்கு கருவையும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
எண்ணைத் தொட முடியவில்லை, அதே பத்தொன்பது.
பக்கத்தில் உழைப்பின் அளவு: தொண்ணூற்றொன்பது சதம்.
கடைசிப் பந்தியில் ஒரே ஆள்,
முழுப் பானையும் அவனுக்கு.
விசிறி இரைய ஆரம்பித்தது.

ஐந்தரைக்குப் பணிமனையில்
பக்கக் கண்ணாடியின் பனியைச் சுரண்டும்போது
செய்தி வந்தது:
"போய்ச் சேர்ந்தது. உள்ளே எதுவும் இல்லையாம்."
சற்றுக் கழித்து இன்னொன்று:
"ஆறையும் விட்டுவிட்டேன். திட்டட்டும்."

முதல் நிறுத்தத்தில் யாருமில்லை.
கதவைத் திறந்தேன்.
கடல் பக்கமிருந்து குளிர் ஏறி உட்கார்ந்தது.
உடனே மூடவில்லை.