நாலு ஓம்

சாந்தோமில் தூதரக வேலை முடிந்து
ஊர் திரும்பிய யாரோ ஒருவருடைய
ஹாலிலிருந்து வந்தவை.
ஒவ்வொன்றும் இருபத்தாறு கிலோ.
கொளத்தூர், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
படி திரும்பும் இடத்திலெல்லாம் தணிகைவேல் உட்கார்ந்து
‘விலை மலிவு’ என்றான், எனக்கோ தனக்கோ.

வீட்டில் முப்பது வாட் ஆம்ப் இருந்தது.
என் முதல் போனஸில் வாங்கியது,
ஹாஸ்டல் மேசைக்கு அதுவே தாராளம்.
வயரைச் செருகினோம். தவில் போட்டோம்.
தவில் வரவில்லை.
தவிலின் மேல் விரித்த ஜமக்காளம் வந்தது.

கூட்டினேன்.
எட்டு மணியில் இருந்த குமிழ்
ஒரு மணிக்குப் போனது,
அப்புறம் மூன்றுக்கு.
நாகஸ்வரம் உடைந்த டியூப்லைட் மாதிரி
தரையெங்கும் சிதறிற்று.
மூடியில் அப்பளம் சுடலாம் என்கிற நேரத்தில்
உள்ளே ஒரு ‘டக்’.
இடது பெட்டியிலிருந்து மெல்ல
அயர்ன் வண்டி வாசனை.

ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே
ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை.
சிக்கந்தர் ட்வீட்டரைக் கழற்றி
தலைமுடியைவிட மெல்லிய கம்பி
கருகியிருப்பதைக் காட்டினார்.

“பவர் அதிகமா குடுத்துட்டோமா?”
“கம்மியா குடுத்தீங்க.”

டீக்கடை ரசீதின் பின்பக்கம்
ஒரு மலை வரைந்தார்.
ஸ்கேலை வைத்து உச்சியைச் சீவினார்.
“முடியாத ஆம்ப் இப்பிடித்தான் மொட்டை அடிச்சு அனுப்பும்.
இந்த மொட்டைதான் சுடும், மேடம்.
கத்துறவன்கிட்ட தெம்பு இருக்குன்னு
யார் சொன்னா?”

எண்பத்து மூன்று டெசிபெல். சோம்பேறிப் பெட்டி.
முதுகில் நாலு ஓம் என்று எழுதியிருக்கும்,
பாஸ் இறங்கும்போது ரெண்டே முக்காலுக்குப் போய்
அங்கிருந்து கரண்ட் கேட்கும்.
ஓம் என்றால் எதிர்ப்பு என்றார்.
எதிர்ப்பு குறையக் குறைய
சுமை கூடும் என்றார்.
கல்யாணத்துக்குப் பத்தில் எட்டுப் பொருத்தம் எங்களுக்கு.
அயனாவரம் சிக்னல் வரைக்கும்
பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சீட்டுப் பணம் எடுத்தோம்.
இருநூறு வாட், பழசு,
திறந்தால் தயிர்ப் பானை அளவுக்கு டிரான்ஸ்ஃபார்மர்.
வாஷிங் மெஷின் பாயிண்டிலிருந்து
தனி வயர் இழுத்தோம்;
துவைக்கிற நாளில் பாட்டு இல்லை.

குமிழ் எட்டரை மணி. அவ்வளவுதான்.
தவில் அடி விழுந்தது.
நின்றது.
நிற்கத் தெரிந்த அடியை
அன்றுதான் இந்த ஹாலில் கேட்டேன்.
வாசித்தவர் மூச்சு வாங்குவதும்
மோதிரம் சீவாளியில் இடிப்பதும் கேட்டன.
முகப்பு முள் மூன்று வாட்டில் கிடந்தது.
ஒரே ஒரு கணம், ஒரு தீர்மானத்தில்,
நூற்றைம்பதுக்குத் துள்ளி
எதுவும் நடக்காததுபோல்
திரும்ப வந்து படுத்துக்கொண்டது.
மிச்ச வாட்டெல்லாம் எங்கே என்றான் தணிகைவேல்.
சும்மா இருக்கு என்றேன்.
இதுக்கா ரெண்டு மாசச் சம்பளம் என்றான்.
ஆமாம் என்றேன், குரல் உயர்த்தாமல்.

மறுவாரம் கீழ்வீட்டு ரெஜினா மேரி
இடியாப்ப அச்சைத் திருப்பித் தர வந்தவள்
வாசலிலேயே கேட்டாள்:
“பெட்டிய வித்துட்டீங்களா?
முன்னல்லாம் நல்லா கேக்குமே.”

மே மாதம். ராத்திரி பதினொன்றரை.
தெருவில் நாற்பது வீட்டு ஏசியும் ஒன்றாக ஓடுகிறது.
ஸ்டெபிலைசர் நூற்று அறுபத்தெட்டு காட்டி
பல்லைக் கடிக்கிறது.
ஃபேன் இறக்கைகளை எண்ணலாம்.
முனையில் இபி டிரான்ஸ்ஃபார்மரின் முனகல்
மொட்டை மலைகளாக ஜன்னல் வழி வருகிறது.
சிக்கந்தர் பார்த்தால்
இதற்கும் ஒரு ரசீதைத் திருப்புவார்.

பட்டென்று வெடித்து
பெரவள்ளூர் வரை இருட்டு.
ஏசிகள், தெருவிளக்கு, எதிர்வீட்டு சீரியல்
எல்லாம் ஒரே அடியில்.

பாட்டு மட்டும்,
போன் பேட்டரியும்
பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கியதும் கொண்டு,
கரண்ட் இல்லாத அந்தத் தெருவில்
ரெண்டு தாளம்
கூடுதலாக ஓடியது.