கையெழுத்து

எழுபத்து நான்கில், தெற்கு டகோட்டாவின்
தானியக் கிடங்கு வாசல்களில்
வெண்டல் ஹூக்ஸ்ட்ரா குலுக்கிய கைகளுக்குக் கணக்கில்லை.
இரவு, விடுதி அறை வாளியில் பனிக்கட்டி.
அதற்குள் மணிக்கட்டு வரை வலது கை.
செலவுக் கணக்கில் நான்தான் எழுதினேன்:
பனிக்கட்டி, முப்பத்தைந்து சென்ட்.

ஜெயித்தார்.
வாஷிங்டனில் எங்களுக்கு ஓர் இயந்திரம் கொடுத்தார்கள்.
காகிதத்தை வைத்து மிதியை அழுத்தினால்
'வெண்டல்' என்று எழுதும், வால் சுழித்து.
நாளுக்கு நானூறு.
பட்டம் வாங்கியவனுக்கு வாழ்த்து,
பண்ணை ஏலம் போனவனுக்கு வருத்தம்.
ஒரே மை, ஒரே சுழி.

கிளை ரயில்பாதையை மூடும் மசோதா வந்த அன்று
அவையில்தான் இருந்தார்.
'ஆம்' என்றார்.
எழுத்தர் இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.
கடிதங்கள் பதினோரு மூட்டை.
மிதியில் என் செருப்பு தேய்ந்தது.

நான்காம் தேர்தல். அறுநூற்றுச் சொச்சம் வாக்கில் தோல்வி.
இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன பிறகு
மேசையில் மிச்சம் நாற்பது கடிதம்.
"கொடு" என்றார்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
ஒவ்வொன்றையும் படித்தார், பிறகு போட்டார்,
வீங்கி ஆறிய அதே கையால்.

ஒன்று திரும்பி வந்தது.
ராக்னா ட்வேட் என்ற விதவை,
பதினெட்டு வருஷக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்து
ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்:
"இது செனட்டர் கையெழுத்து இல்லை.
யாரோ போலியாகப் போட்டிருக்கிறார்கள். விசாரியுங்கள்."

அவரிடம் காட்டவில்லை.
விசாரிக்கிறோம் என்று பதில் எழுதினேன்.
இலவசத் தபால் அதற்குள் முடிந்திருந்தது.
இருபத்தொன்பது சென்ட்,
என் பணம்.