அரைப் பவனுக்குச் சற்று மேல்

தேங்காப்பட்டணம் கிளையில்
புதனும் சனியும் நகைக்கடன்.
பதினோரு மணிக்கு மேல்
கம்மல் கழற்றிய காதுகள்
என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வரிசை நிற்கும்.

அன்றைக்கு ஏழாவது டோக்கன் மிஸ்ரியா.
மகனுக்குக் குவைத் விசா.
ஏஜெண்டுக்கு வெள்ளிக்கு முன் பணம் போக வேண்டும்.
கைக்குட்டையை அவிழ்த்தாள்.
ஒரு வளையல், உள்ளே அரக்கு.
ஒரு வெள்ளிக் கம்பி,
சூரைக்குப் போடும் தூண்டில்போல் மடக்கி
மேலே எதையோ எழுதி அடித்தது.
அப்புறம் அந்தப் பொன்.

"எங்க வீட்டுல பண்டே கெடக்கு ஆசாரியாரே.
எப்பம் வந்துன்னு கேக்காதிய."

முகமில்லாத காசு.
ராஜா இல்லை. மீன் இல்லை, வில் இல்லை.
வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் வட்டம்,
கல்லெறிந்த குளம் அப்படியே உறைந்ததுபோல்.
அலை நெடுக எழுத்து.
பிற்பாடு யாரோ பற்றவைத்த வளையம்
ஒரு சொல்லின் பாதியைத் தின்றிருந்தது.

நாலு கிராம் நானூற்றைம்பது மில்லி.
வளையத்துக்குக் கழிவு முந்நூறு.
மிச்சம் அரைப் பவனுக்குச் சற்று மேல்.
வெட்டுக்கூலி தெரியாத எடை இது.
எங்கோ ஒரு கம்மட்டத்தில்
எவனோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்திருக்கிறான்.
நான் அவன் கணக்கைச் சரிபார்க்கிறேன்.
சரியாகத்தான் இருக்கிறது.

உரைகல்லில் எந்த இடத்தைத் தேய்ப்பது?
முப்பது வருடத்தில் முதல் தடவை
கேட்டுவிட்டுத் தேய்க்கத் தோன்றியது.
"இதுல எந்த எழுத்து வேண்டாம்?"

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.
ஓதத் தெரியும், பொருள் தெரியாது என்றாள்.
புள்ளியே இல்லை என்றாள்.
ஒரு பல்லுக்கு மேலே ஒன்று வைத்தால் ஒரு சத்தம்,
கீழே ரெண்டு வைத்தால் வேறு சத்தம்,
ஒன்றும் வைக்காமல் விட்டால்
எப்படி வாசிக்க?
பழைய ஓலையும் அப்படித்தான், சொன்னேன்.
குத்தினால் கிழியுமென்று புள்ளியை விட்டுவிடுவார்கள்.
வாசிக்கிறவன் தன் வாயிலிருந்து போட்டுக்கொள்ளணும்.

விரல் ஓரவட்டத்தில் ஊர்ந்தது.
பிஸ்மி வந்தது. அப்புறம் தடுக்கியது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
எட்டாவது டோக்கன்காரர் எட்டிப் பார்த்தார்.
மீம், என்றாள்.
ஸாத். றே.
மூன்றும் புள்ளி வேண்டாத எழுத்து.
"மிஸ்ர்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எம் பேருல்லா இது?"

மிஸ்ர் ஒரு தேசம் என்று அவளுக்குத் தெரியும்.
அங்கே அடித்தது என்று எனக்கும் புரிந்தது.
ஆனாலும் அந்த நிமிடம்
அது அவள் பெயராகத்தான் இருந்தது,
அவள் பிறப்பதற்குத் தொள்ளாயிரம் வருடம் முன்னே
பொன்னில் எழுதி, கப்பலேற்றி,
முகவரி சரியாக வந்து சேர்ந்தது.

மேனேஜர் திரையைப் பார்த்துச் சொன்னார்:
வங்கி விற்ற காசுக்குத்தான் கடன்.
மற்ற காசு எடுக்கக் கூடாது, சட்டம்.
அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன்.
வளையத்தைக் காட்டினேன்.
"சார், இது காசு இல்லை. பதக்கம்."
எழுத்தைத் தின்ற அந்தச் செம்புக் கழிசடை
அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது.

வளையல் ஒன்று.
பதக்கம் ஒன்று, கல் இல்லை.
வெள்ளிக்குக் கடன் கிடையாது;
கம்பியைத் திரும்ப முடிந்துகொண்டாள்.
எழுத்து தேய்ந்த பின்விளிம்பில் ஒரே ஒரு கோடு இழுத்தேன்.
அமிலம் விட்டும் கோடு அசையவில்லை.

"கெட்டாம போனா என்ன செய்விய?"
"ஏலம்."
"அப்புறம்?"
"உருக்குவாங்க."
தலையாட்டினாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

பொன் தினாரை வைத்துவிட்டு
காகித தினாருக்குப் பையன் போனான்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது,
சிலசமயம் தாமதமாக, அபராதத்தோடு.
அசல் அப்படியே.
ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி:
"உள்ள இருக்கா?"
"இருக்கு."

இன்று ரசீதில் கையெழுத்துப் போட்டாள்.
அவசரமோ, பேனா மக்கரோ,
மிஸரியா என்று இருந்தது.
திருத்தச் சொல்லவில்லை.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.