இடது கீழ் மூலை

நவம்பரில் நொஷாத்தெல் ஏரிக்குச் சூரியன் வருவதில்லை.
பதினோரு நாளாக ஊர்மேல் மூடுபனி,
பானைக்குத் தட்டு போட்டதுபோல்.
மேலே ஷோமோன் குன்றில் வெயிலாம்.
கம்பி ரயிலேறிப் போய்க்
காய்ந்துவிட்டு வருகிறார்கள்.

நாங்கள் கீழே, நிலவறையில்,
பொத்தானை அழுத்தி ஒரு சூரியனை ஏற்றுகிறோம்.
நூறு மில்லிநொடி; அணைந்துவிடும்.
அதற்குள் தகடு சொல்லியாக வேண்டும்,
வாங்கியதில் எவ்வளவு தந்தேன் என்று.

இருபத்து நான்கு புள்ளி ஒன்று.
மறுபடியும்
இருபத்து நான்கு புள்ளி ஒன்று.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது
நடந்து களைத்தவர்களின் கணக்கு.
எங்களுக்கு நிழல் கடன்.
தகட்டின் முகத்தில் ஓடும் வெள்ளிக் கோடு
தலைமயிரில் பாதி அகலம். அதுவும் மறைக்கிறது.
மெலியச் செய்தோம், அறுந்தது.
காரத்தில் முக்கி
கண்ணுக்கெட்டாத பிரமிடுகளை முளைக்கவைத்தோம்,
ஒரு சரிவில் தப்பிய ஒளி
எதிர்ச்சரிவில் மாட்டட்டும் என்று.
மாட்டியது. ஆனாலும்
உள்ளே விழித்தெழுந்த எலக்ட்ரான்
வாசல் சேருமுன் ஏதோ குழியில் விழுந்து
வெறும் சூடாகிப் போகிறது.

எங்கே என்று படமெடுத்தோம்.
லேசர் பட்டால் சிலிக்கனே மினுங்கும்,
நோய்ப்பட்ட இடம் மட்டும் கறுத்திருக்கும்.
இடது கீழ் மூலையில் ஒரு கீறல்.
அடுத்ததிலும்.
அதற்கடுத்ததிலும்.
ழிஸ்லேன் வாயுக்குழாயைச் சந்தேகித்தாள்.
நான் உலையை. ஏழு வாரம்
பிரித்தேன், மாட்டினேன், திட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை பாஸ்தியான் காபிக் கோப்பையை எடுத்தான்.
இடது கையால்.
இடுக்கியையும் அப்படித்தான் பிடிப்பான்.
நான்கு ஆண்டாகப் பார்க்கிறேன்,
பார்த்ததில்லை.
எஃகு முனையின் அகலம்தான்
கீறலின் அகலம்.

அவன் காதுவரை சிவந்தான்.
"உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது"
என்றாள் ழிஸ்லேன், படத்தைப் பார்த்து.

இடுக்கிகளை இழுப்பறையில் பூட்டினோம்.
காற்றால் உறிஞ்சித் தூக்கும் ரப்பர் முனை வந்தது.
இருபத்து நான்கு புள்ளி மூன்று.

புள்ளி இரண்டு. இதற்கு யாரும் வெடி வெடிப்பதில்லை.
சிலிக்கனுக்கு இருபத்தொன்பதை ஒட்டி ஒரு கூரை;
நாங்கள் இன்னும் தரையில் நாற்காலி தேடுகிறோம்.
பாஸ்தியான் அந்தக் கறுத்த படத்தை
அச்செடுத்துத் தன் மேசைமேல் ஒட்டினான்.
காபியை இப்போது வலது கையால் எடுக்கிறான்,
சிந்துகிறான். "விட்டுத்தொலை" என்கிறோம்.

இன்று காலை புதுப் படம் வந்தது.
இடது மூலை சுத்தம்.
வலது மேல் ஓரத்தில் மட்டும்
கட்டைவிரல் அளவு மங்கல்.

ழிஸ்லேன் எதுவும் கேட்கவில்லை.
நான் என் கைகளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.