மீதிச் சில்லறை

முன்பெல்லாம்
ஆல்பேட்டையில் ஊதினால்
பெண்ணையாற்றுப் பாலத்தில் சைக்கிளில் போகிறவன்
திரும்பிப் பார்ப்பான்.
இப்போது விசிலுக்குள் பட்டாணி அசைவதோடு சரி.
பஸ்ஸின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறேன்.
தெய்வசிகாமணி அதையே விசிலென்று எடுத்துக்கொண்டு
கியர் போடுகிறான்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் அலையில் பதினொரு நாள்
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
நெகடிவ் என்று எழுதிய தாளை
லேமினேட் போட்டு வைத்திருக்கிறாள் கலாவல்லி,
முதலாளியிடம் காட்ட.

இறங்கிப் போன நோய்
மீதியைத் தராமல் போயிருக்கிறது.

கிருமாம்பாக்கம் எவ்வளவு?
பதினேழு வருடம் நாக்கில் கிடந்த எண்.
கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
தவளக்குப்பம் முன்னாலா, கன்னியக்கோயில் முன்னாலா?
ராத்திரியோடு ராத்திரியாக
ஊர்கள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்துவிடுகின்றன.
வாங்கினவனிடமே மறுபடி டிக்கெட் கேட்டால்
"என்னண்ணே, காலையிலேயே ஏத்திட்டீங்களா?" என்கிறான்.
பாண்டி ரூட்டில் வேறெப்படிக் கேட்பார்கள்.

ஜிப்மரில் வரிசையில் நின்று
படம் எடுத்தேன், ரத்தம் கொடுத்தேன்.
"எல்லாம் நார்மல். கொஞ்சம் நடந்து காட்டுங்க"
என்றார் சின்ன வயது டாக்டர்.
நடந்து, சுவரைப் பிடித்து, திரும்பி வருவதற்குள்
அடுத்த டோக்கன் உட்கார்ந்திருந்தது.

நோணாங்குப்பத்தில் ஏறும் பெண்
சாப்பாட்டுப் பையில் ஆரோக்கிய மேரி என்று
மார்க்கரில் எழுதியிருக்கும்.
முதல் படி ஏறி, கம்பியைப் பிடித்து
அடுத்த படிக்கு முன் ஒரு நிற்பு நிற்பாள்.
பின்னால் கூட்டம் முனகும்.
எனக்குத் தெரியும் அந்த நிற்பு.
காற்று வந்து சேர்ந்துவிட்டதா என்று
உள்ளே எட்டிப் பார்க்கிற நிற்பு.

நேற்றுக் கேட்டுவிட்டேன்:
"எந்த அலை?"
"முதல்லயே. இன்னும் கருவாடு வறுத்தா
மண்ணெண்ணெய் நாத்தம்தான் வருது.
வீட்ல நடிக்கிறேன்றாங்க."
தர வேண்டிய மூன்று ரூபாயை
டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.
நானும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.
இரண்டு பேருமே மறந்திருப்போம்.

இன்று காலை
அவள் முதல் படியில் நிற்கிறாள்.
பின்னால் வந்த பஸ் ஹாரனை எடுக்கவே இல்லை.
முருங்கப்பாக்கத்துக் கலெக்‌ஷன் மொத்தமும் அவனுக்குத்தான்.
தெய்வசிகாமணி கண்ணாடியில் என் கையைத் தேடுகிறான்.

இருடா.
இன்னும் ஒரு படி இருக்கிறது.